நாற்பத்தைந்துக்கு மேல் ஆள் வேண்டாமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர், சிறுசேரி வட்டாரங்களில் ஆள் எடுக்கும் மனிதவள அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்



சிங்கபெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை எழுதியவர்கள் நீங்கள்; இல்லையென்றால் உங்களுக்காக எழுதப்பட்டவை அவை. 'ஆட்கள் தேவை. பத்தாவது, பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ., டிப்ளமோ. வயது 18 முதல் 28 வரை. கேன்டீன், பஸ் வசதி உண்டு.' கீழே ஒரு செல்பேசி எண். இதே வாசகம் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓயாமல் சுற்றுகிறது. 29-வது பிறந்தநாளன்று ஒரு மனிதருக்குக் கையிலோ கண்ணிலோ என்ன கோளாறு வந்துவிடுகிறது என்பதை மட்டும் எந்த நோட்டீசும் சொல்வதில்லை.

இந்த மடல் 45, 50, 54 வயதில் வேலை போய், அடுத்த வேலை தேடுகிறவர்களைப் பற்றியது. அவர்களுக்கு வேலையே கிடைப்பதில்லை என்று புலம்ப இது எழுதப்படவில்லை. கிடைக்கிறது. பலரும் எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் மேசை வழியாக அல்ல. எந்த வழியாகக் கிடைக்கிறது என்று பார்த்தால், உங்கள் மேசையில் எது சரியில்லை என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், இவர்கள் யார்? 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. சட்டப்படி ஆலை மூடும்போது ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 15 நாள் சம்பளம் தந்தால் போதும். தொழிலாளர்கள் போராடியதில் அது சராசரியாக 140 நாள் என்ற அளவுக்கு வந்தது. 1999-ல் ஐகான் கார் வெளிவந்த காலத்தில் இருபது வயதில் லைனில் நின்றவர், செட்டில்மென்ட் காசோலையை வாங்கும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். அதற்கு முன்பே, 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் மட்டும் 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். ஐம்பது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் நிபந்தனை. கோவையில் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நின்றவை, பிறகு முழுமையாக ஓடவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், விடுவிக்கப்போவதாகச் சொன்னது. அதிலும் பெரும்பாலும் நடு நிலை, மேல் நிலைகளில் இருந்தவர்கள்.

ஆக, இவர்கள் வேலை தெரியாததால் வெளியே வந்தவர்கள் இல்லை. ஆலை போனது, திட்டம் போனது, கூடவே இவர்களும் போனார்கள்.

செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்த வீட்டைப் பற்றி ஊருக்கு ஓர் எண்ணம் உண்டு. 'அவருக்கென்ன, லட்சக்கணக்கில் வாங்கிட்டாரு' என்பார்கள். வீட்டுக்கடன் பாக்கியை அடைத்து, மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டி, மிச்சத்தை வங்கியில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் எத்தனை மாதம் ஓடும் என்பது அந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பி.எஃப். ஓய்வூதியம் 58 வயதில்தான் முழுதாகக் கிடைக்கும். 50 வயதிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. அந்தத் திட்டத்தில் 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அதை நம்பி யாரும் வீட்டில் உட்கார முடியாது.

அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வரலாம். பதிவுதாரர் எண்ணிக்கையை அரசு வெளியிடும்போது 46 முதல் 60 வயதுவரை என்று ஒரு பிரிவும், அதற்கு மேல் என்று இன்னொரு பிரிவும் தவறாமல் இருக்கும். அறுபது தாண்டியும் பதிவை விடாமல் வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் வேலையில்லாதோருக்கான தமிழக அரசின் உதவித்தொகைக்கு வயது வரம்பு 40. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 45. பட்டதாரிக்கே அது மாதம் 600 ரூபாய்தான் என்பது வேறு கதை. மறுமுனையில், முதியோருக்கு வேலை தேடித்தர மத்திய அரசு 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 'சேக்ரட்' இணையதளத்தில் 60 வயது ஆனால்தான் பதிய முடியும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே நிற்பவர் உதவித்தொகைக்கு மூத்தவர், சலுகைக்கு இளையவர். இரண்டுங்கெட்டான்.

இனி அவர்கள் தேடும் விதம்.

எல்லோரும் முதலில் செய்வது நீங்கள் விரும்புவதைத்தான்: பயோடேட்டா தயாரிப்பது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இருபது ஆண்டு வேலையை ஒன்றரைப் பக்கத்தில் அடிக்கிறார்கள். இரண்டு மாதம் போனதும் அதில் கத்திரி விழத் தொடங்குகிறது. ஐ.டி.ஐ. முடித்த ஆண்டு 1996 என்பது முதலில் போகிறது. அடுத்து, சேர்ந்த முதல் கம்பெனி போகிறது. 'அனுபவம் 24 ஆண்டுகள்' என்பது '15 ஆண்டுகளுக்கு மேல்' என்று சுருங்குகிறது. புகைப்படம் மாறுகிறது, மீசைக்கு டை அடித்த பிறகு எடுத்த புதுப் படம். ஒரு மனிதர் தான் கற்றதையும் செய்ததையும் வெட்டி வெட்டிக் குறைத்தால்தான் உங்கள் முதல் சல்லடையைத் தாண்ட முடியும் என்றால், அந்தச் சல்லடையின் கண்கள் எந்தப் பக்கம் வைத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன?

இத்தனை செய்தும் வேலை இணையதளத்தின் படிவம் பிறந்த தேதியைக் கேட்டுவிடுகிறது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் அது.

இது வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் டேவிட் நியூமார்க், இயன் பர்ன், பேட்ரிக் பட்டன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 40,000-க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2019-ல் அந்த ஆய்வு வெளியானது. வயதைத் தவிர மற்றவை எல்லாம் ஒத்த விண்ணப்பங்கள். அலுவலக நிர்வாக உதவியாளர் வேலைக்கு, 29-31 வயதுப் பெண்களுக்கு வந்த அழைப்புகளோடு ஒப்பிட்டால் 64-66 வயதுப் பெண்களுக்கு வந்தவை 47 சதவீதம் குறைவு. நடு வயதினருக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. ஆண்களைவிடப் பெண்களுக்கே வயதின் அடி பலமாக விழுந்தது. 1967-லிருந்தே நாற்பது வயதுக்கு மேற்பட்டோரைக் காக்கத் தனிச் சட்டம் வைத்திருக்கும் நாட்டின் நிலைமை இது. இந்தியாவில் தனியார் வேலைக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது.

சரி, கடைசியில் வேலை எப்படித்தான் கிடைக்கிறது? ஆள் மூலம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் என்ற ஊரில் புதிதாக வேலை மாறியவர்களை விசாரித்து 1974-ல் ஒரு புத்தகம் எழுதினார். பாதிக்கு மேற்பட்டோர், 56 சதவீதம் பேர், தெரிந்தவர் மூலமாகத்தான் வேலைக்குப் போயிருந்தார்கள். அதைவிட முக்கியமானது அந்தத் தெரிந்தவர் யார் என்பது. அவர்களில் அடிக்கடி சந்திக்கும் நெருங்கிய நண்பர் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். எப்போதாவது பார்க்கிறவர், எப்போதோ கூட வேலை பார்த்தவர் மூலம் கிடைத்ததே அதிகம்.

மறைமலை நகர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். ஆலை மூடினால் நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் ஒரே நாளில் வேலை இழக்கிறார்கள். ஒரே ஷிப்டில் நின்றவர்கள், ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள். அந்தக் குழுவில் யாருக்கும் யாரும் வேலை சொல்ல முடியாது. ஒருவருக்குக் கிடைத்த தகவலுக்கு நூறு பேர் போட்டி. கைகொடுப்பவர் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர். மெஷின் சர்வீசுக்கு வருகிற இன்ஜினீயர். கட்டிங் டூல் விற்கிற ரெப்ரசென்டேடிவ். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் கேலிபரேஷனுக்கு எடுத்துப் போகிறவர். சரக்கு இறக்கும் வெண்டார் கம்பெனியின் சூப்பர்வைசர். இவர்கள் நாளுக்கு நாலு தொழிற்சாலைக்குள் போய்வருகிறவர்கள். எங்கே ஆள் தேவை என்பதும் தெரியும், எந்த ஆள் கைதேர்ந்தவர் என்பதும் தெரியும். வேலை தேடுகிற மூத்தவர்களில் விவரமானவர்கள் நாற்பது கம்பெனிக்கு மெயில் அனுப்புவதை நிறுத்திவிட்டு, இப்படிப்பட்ட நாலு பேருக்கு போன் போடுகிறார்கள். வெட்கத்தை விட்டு 'சும்மாதான் இருக்கேன், ஏதாவது இருந்தா சொல்லுங்க' என்று சொல்லச் சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. அதைச் சொன்ன பிறகுதான் காரியம் நகர்கிறது.

அப்படி ஒரு போன் வந்து, திருமுடிவாக்கத்திலோ அம்பத்தூரிலோ உள்ள ஒரு சின்னப் பட்டறைக்குப் போனால் என்ன நடக்கும்? அங்கே மனிதவளத் துறை கிடையாது. முதலாளியே முப்பத்தைந்து வயதுக்காரராக இருப்பார். 'வாங்கண்ணே' என்று உள்ளே கூப்பிட்டு, டீ சொல்லிவிட்டு, பிரஸ்ஸில் அடித்துப் போட்ட தகட்டுத் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பார். 'பிசிறு அடிக்குதுண்ணே. டையைச் சாணை பிடிச்சும் போகல. என்னன்னு பாருங்க.' டூல் ரூமில் இருபது வருடம் இருந்தவர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விளிம்பு நெடுக நகத்தை ஓட்டுவார். பிசிறு சுற்றிலும் இருந்தால் முனை மழுங்கியிருக்கலாம், இல்லை கிளியரன்ஸ் கூடியிருக்கலாம். ஒரே பக்கம் மட்டும் இருந்தால் சாணை பிடித்துப் பிரயோஜனமில்லை. பஞ்ச் நடுவில் இறங்கவில்லை என்று அர்த்தம். 'கைடு பில்லர் புஷ் எப்ப மாத்துனீங்க?' என்று கேட்பார். முதலாளி யோசித்து, 'மாத்துனதே இல்லையேண்ணே' என்பார்.

இன்டர்வியூ அவ்வளவுதான். சம்பளப் பேச்சு மட்டும்தான் மிச்சம். பழைய சம்பளத்தில் பாதிதான் முதலாளியால் முடியும் என்பது இருவருக்கும் தெரியும். ஷிப்ட் இல்லை, ஞாயிறு லீவு, ஆறு மாதம் கழித்துப் பார்த்து ஏற்றலாம் என்று பேசி முடியும். பிறந்த தேதி, ஆதார் நகல் வாங்கும்போதுதான் கண்ணில் படும்.

இந்த மடல் சொல்ல வந்த விஷயமே இதுதான். வேலையை நேரில் பார்க்க வழியிருக்கிற இடத்தில் யாரும் வயதைக் கேட்பதில்லை. பார்க்க வழியில்லாதவர்கள், பார்க்க நேரமில்லாதவர்கள்தான் கேட்கிறார்கள். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர் ஐம்பது வயதில் போய் நின்றாலும், மெஷினில் உட்கார வைத்து ஒரு பீஸ் தைக்கச் சொல்வார்கள். கை ஓடினால் வேலை. கல்யாணச் சமையலுக்கு மாஸ்டர் தேடுகிறவர் அவருடைய சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்ப்பாரே தவிர, சான்றிதழைப் பார்க்க மாட்டார். உங்களிடம் மட்டும் ஒரு வேலைக்கு ஆயிரம் விண்ணப்பம் வருகிறது. அதை நூறாக்க ஒரு கருவி வேண்டும். கைக்கு எளிதாகக் கிடைத்த கருவி வயது.

உங்கள் தரப்பையும் கேட்காமல் விடுவது நியாயமில்லை. சம்பளம் கட்டுபடியாகாது, இளையவர் சொல்பேச்சு கேட்க மாட்டார், புது மெஷின் படிய நாளாகும், உடம்புக்கு முடியாமல் லீவு போடுவார் என்று காரணங்கள் சொல்வீர்கள். முதல் காரணத்தில் உண்மை உண்டு. மாதம் அறுபதாயிரம் வாங்கியவருக்கு முப்பதாயிரம் தருகிறோம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, கூப்பிடாமலே விட்டுவிடுகிறீர்கள். அவருக்குச் சம்மதமா இல்லையா என்பதை அவரே சொல்லட்டுமே. வேலை இழந்து ஓராண்டானவருக்குத் தன் சந்தை விலை உங்களைவிட நன்றாகத் தெரியும்.

வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. அதையும் பேசிவிடலாம். 18 முதல் 28 வரை என்ற வரியை எழுதவைப்பது பெரும்பாலும் திறமைக் கணக்கு இல்லை. பயிற்சியாளர் என்றும் ஒப்பந்தம் என்றும் எடுத்து, இரண்டு மூன்று வருடத்தில் அனுப்பிவிட்டு, அடுத்த செட்டை எடுக்கும் ஏற்பாட்டுக்கு அந்த வயதுதான் தோது. குடும்பமும் கடனும் உள்ள நாற்பத்தெட்டு வயதுக்காரர் நிரந்தரம் கேட்பார், ஓவர்டைம் கணக்குக் கேட்பார், சங்கம் என்றால் என்னவென்றும் அவருக்குத் தெரியும். பழைய ஆலையில் சங்கத்தில் இருந்தாரா என்று போனில் விசாரிக்கும் வழக்கம் உங்களில் சிலரிடம் இருப்பது வேலை தேடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அப்படியானால் இதை வயதுப் பிரச்சினை என்று அழைப்பதை நிறுத்திவிடலாம். அது சம்பளக் கணக்கு. கேள்வி கேட்பவர் வேண்டாம் என்ற கணக்கு.

அந்தக் கணக்கும் அதிக நாள் ஓடாது. மாதிரிப் பதிவு முறைப்படி 2020-ல் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.4. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். உங்கள் விளம்பரம் கேட்கும் வயதினர் இந்த மாநிலத்தில் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வரப்போகிறார்கள். இப்போதே பிகாருக்கும் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் ஏஜென்டுகளை அனுப்பி ஆள் சேர்க்கிறீர்கள். வந்தவர்கள் தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போனால் திரும்பி வருவார்களா என்று கவலைப்படுகிறீர்கள். ஆலைக்குப் பத்து கிலோமீட்டரில் சொந்த வீட்டில் இருப்பவர், திரும்பிப் போக வேறு ஊர் இல்லாதவர், உங்கள் கண்ணில் படுவதில்லை.

ஒருவிதத்தில் படுகிறார். தனியார் பாதுகாப்பு முகமைகள் பற்றிய 2005-ஆம் ஆண்டுச் சட்டம் காவலாளிக்கு 65 வயதுவரை இடம் தருகிறது. இந்த நாட்டில் நடுவயதைத் தாண்டியவருக்கு எழுத்தில் திறந்திருக்கும் அகலமான கதவு அதுதான். அதனால் டர்னரும் மில் மேஸ்திரியும் நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு உங்கள் கேட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிறார்கள். லாரி நம்பரை ரெஜிஸ்டரில் எழுதுகிறார்கள். உள்ளே மெஷின் நின்றுபோய், வெளியூரிலிருந்து சர்வீஸ் ஆள் வருவதற்காகக் காத்திருக்கும்போது, அந்த மெஷினை ஓட்டிப் பழகியவரே கேட்டைத் திறந்துவிடுகிறார் என்பது நடக்கக்கூடாத விஷயம் இல்லை.

மெஷின் படியாது, உடம்பு தாங்காது என்ற கவலைக்குப் பதில் உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்றே சொல்லலாம். மகிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஆலை 2007-ல் திறக்கப்பட்டது. அதே 2007-ல் ஜெர்மனியில், பவேரியாவின் டிங்கோல்ஃபிங் ஆலையில் அந்த நிறுவனம் ஒரு சோதனை செய்தது. பத்தாண்டு கழித்துத் தன் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு, இப்போதே அந்தச் சராசரி வரும்படி ஆள் பொறுக்கி ஒரு லைனில் நிறுத்தியது. பின் ஆக்சில் கியர்பாக்ஸ் பூட்டும் லைன். என்ன வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களையே கேட்டார்கள். சிமென்ட் தரைக்குப் பதில் மரத் தரை கேட்டார்கள், முழங்காலுக்கு நல்லது. முடிதிருத்தும் கடையில் இருப்பதுபோல் உயர்த்தித் தாழ்த்தும் நாற்காலி, பூதக்கண்ணாடி, கணினித் திரையில் பெரிய எழுத்து, நடுநடுவே வேலை மாற்றிக்கொள்ளும் முறை. இப்படிச் சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள். ஓராண்டில் அந்த லைனின் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடி, இளையவர்களின் லைன்களுக்குச் சமமாக வந்தது. செலவோ, ஒரு கார் விலைக்குள் அடங்குகிற தொகை.

சிறுசேரிப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. அங்கே நாற்பத்தைந்து வயதில் வெளியே வருகிறவர் பெரும்பாலும் மேலாளர். பத்து வருடமாக ஆட்களை மேய்த்தவர், கடைசியாக நிரல் எழுதியது எப்போது என்று அவருக்கே மறந்திருக்கும். அவருக்கு உங்கள்மேல் கோபப்பட உரிமை கொஞ்சம் குறைவு என்று சொல்லலாம். அவரும் சில வருடம் முன்புவரை இதே சல்லடையை வைத்து ஆள் எடுத்தவர்தான். அவர்களில் மீண்டு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் ஆறு மாதம் உட்கார்ந்து படித்து, தங்களைவிடப் பதினைந்து வயது இளையவரின் கீழ் ஒப்பந்த வேலைக்குப் போகத் தயங்காதவர்கள். இன்னொரு வகையினர் பழைய வாடிக்கையாளரைப் பிடித்துச் சொந்தமாகத் தொடங்குகிறவர்கள். வேகமாக வளரும் புது நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று பியர் அசூலே உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2020-ல் காட்டியிருக்கிறார்கள். கல்லூரி விடுதியில் கம்பெனி தொடங்கிய இருபது வயதுப் பையன்தான் தொழில்முனைவோர் என்ற சினிமாப் படம் அந்த எண்களில் நிற்கவில்லை.

நாற்பது வயதுக்காரரை வேலையில் சேர்ப்பது இந்த மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. ராணுவத்திலிருந்து முப்பத்தைந்து, நாற்பது வயதில் திரும்பி வருகிறவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1986-லிருந்து டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் நடக்கிறது. அவர்களுக்கு வயதாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஒழுங்கு தெரிந்தவர்கள் என்கிறோம். ஆசிரியர் நியமனத்துக்கு 2020-ல் பொதுப் பிரிவுக்கு 40 என்று வயது வரம்பு வைத்த தமிழக அரசு, எதிர்ப்புக்குப் பின் படிப்படியாக ஏற்றி, 2023-ல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று கொண்டுவந்தது. நம்மவர்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் குறைந்தது 68 வயதுவரை மறுவேலை தர முன்வரும் கடமை முதலாளிக்கு உண்டு. வயது பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் அங்கே 2025 ஜனவரியில் நிறைவேறியது. உங்கள் வட்டாரத்திலேயே, ஃபாக்ஸ்கான் நிறுவனம் தனக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சிகளிடம் விளம்பரத்தில் வயது, பாலினம், திருமண நிலை எதையும் போட வேண்டாம் என்று சொன்னதாக 2024 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. திருமணமான பெண்களை ஒதுக்குவதாக அதே ஆண்டு எழுந்த சர்ச்சைக்குப் பிறகு நடந்தது அது. விளம்பரத்தில் இல்லாத நிபந்தனை மனதிலும் இல்லாமல் போகுமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் வரியை எடுக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது.

உங்களால் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. டூல் ரூம், மெயின்டனன்ஸ், குவாலிட்டி, புதியவர்களுக்குப் பயிற்சி தரும் வேலை: இந்த நான்குக்கு மட்டுமாவது வயது வரியை எடுத்துவிடுங்கள். பயோடேட்டாவை வைத்துக் கழிப்பதற்கு முன் ஒரு நாள் கூலி கொடுத்து மெஷின் முன் நிறுத்திப் பாருங்கள். திருமுடிவாக்கத்து முதலாளிக்கு ஒரு டீச் செலவில் முடிகிற காரியம் உங்களுக்குக் கட்டாதா என்ன? ஊழியர் ஆள் சொன்னால் ரெஃபரல் போனஸ் தருகிறீர்களே, அதை சர்வீஸ் இன்ஜினீயருக்கும் வெண்டார் சூப்பர்வைசருக்கும் நீட்டித்துப் பாருங்கள். கடைசிச் சம்பள ரசீதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். 'இல்லை' என்றால் இல்லை என்று பதில் போடுங்கள். பதிலே வராமல் மூன்று மாதம் காத்திருப்பவர், அந்த மூன்று மாதத்தில் வேறு இரண்டு இடங்களை விட்டிருப்பார்.

மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிக்கப்போவதாக ஃபோர்டு 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2029-ல் உற்பத்தி தொடங்கும், 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்கிறார்கள். அதே வளாகத்தில் இன்ஜின் பூட்டிப் பழகியவர்களில் பலர் அன்றைக்கு ஐம்பதை நெருங்கியிருப்பார்கள், சிலர் தாண்டியிருப்பார்கள். பெரும்பாலோர் கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு, காட்டாங்கொளத்தூர்ப் பக்கம்தான் இருப்பார்கள். அந்த வேலைகளுக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தை எழுதப்போவது உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர்தான். பிறந்த தேதிக்கான கட்டம் படிவத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். முதல் பக்கத்தில், 'எந்த லைனில் நின்றீர்கள், எந்த மெஷின் ஓட்டினீர்கள், நின்றுபோன மெஷினைக் கடைசியாக எப்படி ஓடவைத்தீர்கள்' என்று கேட்டு, பதில் எழுத அரைப் பக்கம் காலி இடம் விடுங்கள்.